பழைய டிராக்டருக்கு ஒரு புதிய மின்னாக்கி

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது என்ற செய்தியைக் கேட்டவுடன் வெளியூர் அன்பர்களுக்கு அருவி நினைவுக்கு வரும். எங்கள் ஊர் உழவர்களுக்கோ தொளி உழவு நினைவுக்கு வரும். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையே இலஞ்சி, மேலகரம் முதலிய ஊர்களின் வயல்கள் பரந்து கிடக்கின்றன. சிற்றாற்று நீர் கால்வாய்களின் வழியே வந்து குளங்களை நிரப்பிவிட்டால் பிறகு நாள் பார்த்துக்கொண்டிருக்க இயலாது. ஆனி மாதத்தில் கார் நெல்லுக்கும், புரட்டாசி ஐப்பசியில் பிசான நெல்லுக்கும் எல்லோரும் ஒரே வாரத்தில் உழ முனைவார்கள். டிராக்டர் வைத்திருப்பவர் பகலில் பிறர் வயலை உழுதுவிட்டு, இரவில்தான் தம் வயலுக்கு வர முடியும். இரவில் உழுவதற்கு விளக்கு வேண்டும். விளக்குக்கு மின்சாரம் வேண்டும். அந்த மின்சாரம் ஒரு பழைய டிராக்டரில் எங்கே பிறக்கிறது, எவ்வாறு குறைகிறது, அதை எவ்வாறு சீர் செய்யலாம் என்பதைப் பற்றியே இன்று சில சொற்கள் கூற எண்ணுகிறேன். பள்ளிக்கூடத்து வாத்தியாருக்கு இந்த வேலை எதற்கு என்று சிலர் எண்ணலாம். அந்தக் கேள்விக்கு உரிய விடை என் பேச்சின் நடுவில் தானே வெளிப்படும். அது எனக்குப் பெருமை தருவதன்று.

எங்கள் குடும்பத்தில் ஒரு மாஸி பெர்குஸன் 35 டிராக்டர் இருக்கிறது. இங்கிலாந்தில் காவென்ட்ரி நகரத்தில் செய்யப்பட்டது. மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் டீசல் எஞ்சின் பூட்டியது. என் தகப்பனார் 1968-ஆம் ஆண்டில் அதை இரண்டாம் கையாக வாங்கினார். அப்போது எனக்கு எட்டு வயது. சென்னையில் 1960-இல் நிறுவப்பட்ட டாஃபே தொழிற்சாலை இதே குடும்பத்து வண்டிகளை நம் நாட்டிலேயே செய்யத் தொடங்கிவிட்ட காலம் அது. ஆயினும் எங்கள் பக்கத்து வயல்களில் மாடும் மரக்கலப்பையுமே மிகுதியாக இருந்தன. வண்டி முதன்முதல் வயலில் இறங்கிய அன்று ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் வரப்பில் வரிசையாக நின்றோம். தகப்பனார் காலமான பிறகு அண்ணன் அதைப் பேணி வருகிறார். அதற்கு உதிரிப் பாகம் கிடைப்பதில் இன்றும் பெரிய இடர்ப்பாடு இல்லை.

டீசல் எஞ்சினைப் பற்றி ஒன்றைத் தெரிந்துகொண்டால்தான் இந்தக் கதை விளங்கும். பெட்ரோல் எஞ்சின் ஒவ்வொரு சுற்றுக்கும் மின்பொறியை எதிர்பார்த்து நிற்கும். டீசல் எஞ்சினுக்கு அது வேண்டியதில்லை. காற்றை மிகவும் நெருக்கினால் உண்டாகும் வெப்பத்தினாலேயே எண்ணெய் தீப்பற்றிக்கொள்ளும். ஆகவே வண்டியைக் கிளப்புவதற்கும் விளக்கு எரிவதற்கும் அன்றி, இவ்வகைப் பழைய டிராக்டருக்கு மின்சாரத்தால் வேறு பயன் இல்லை. பகலில் மட்டும் உழுபவன், பாட்டரியும் டைனமோவும் செத்துப் பல ஆண்டுகள் ஆனாலும் கவலைப்படமாட்டான். மாலையில் வண்டியை ஒரு மேட்டில், முகம் பள்ளத்தை நோக்கி இருக்கும்படி நிறுத்திவிடுவான். காலையில் கியரைப் போட்டுக் கிளச்சை மிதித்துக்கொண்டு உருட்டிவிட்டு, வண்டி ஓட்டம் எடுத்ததும் கிளச்சை விட்டால் எஞ்சின் உயிர் பெற்றுவிடும். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் பழைய டிராக்டர்கள் குளத்தங்கரைச் சரிவுகளில் நிற்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். காற்று வாங்க நிற்பன அல்ல அவை.

2019-ஆம் ஆண்டு ஐப்பசியில் ஓர் இரவு. நான் ஓய்வு பெற்றதற்கு மறு ஆண்டு அது. அண்ணன் மகன் இலஞ்சிக் குளத்துப் பாசனத்தில் உள்ள எங்கள் வயலில் தொளி உழுதுகொண்டிருந்தான். வயலின் தென்மேற்கு மூலையில் சுற்றுச்சுவர் இல்லாத பழைய கிணறு ஒன்று உண்டு. மணி ஒன்பதைத் தாண்டியபோது முன்விளக்குகள் மஞ்சளாகி, பிறகு சிவந்து, கடைசியில் மின்மினியளவுக்குச் சுருங்கிவிட்டன. இன்னும் இரண்டு சால்தானே என்று அவன் ஓட்டியிருக்கிறான். வண்டியைத் திருப்ப வேண்டிய இடம் தெரியவில்லை. சேறு தெறித்து நீரில் விழும் ஓசை திடீரென்று ஆழத்திலிருந்து கேட்கவே, பிரேக்கை மிதித்து எஞ்சினையும் நிறுத்திவிட்டான். முன்சக்கரத்துக்கும் கிணற்றுக்கும் நடுவே இரண்டு முழம் இருந்தது. மறுநாள் காலையில் நானே சென்று அளந்து பார்த்தேன். எஞ்சினை மீண்டும் கிளப்பப் பாட்டரியில் சக்தி இல்லை. சேற்றில் வண்டியை உருட்டவும் முடியாது. வேறொரு டிராக்டரைக் கொண்டுவந்து இரும்புச் சங்கிலியால் இழுத்தார்கள். அண்ணன் அன்று உணவு கொள்ளவில்லை. மாலையில், “பழைய இரும்புக்கு என்ன விலை போகிறதென்று விசாரி” என்று மட்டும் என்னிடம் சொன்னார்.

மகன் உயிரா, தகப்பனார் வண்டியா என்று கேட்டால் அவர் சொன்னதில் தவறில்லை. ஆனால் வண்டி அந்த இரவில் ஒரு குற்றமும் செய்யவில்லை. எஞ்சின் நன்றாகவே ஓடியது. குற்றம் டைனமோவில் இருந்தது. அதைச் சரிசெய்து பார்த்துவிட்டுப் பிறகு விற்கலாம் என்று நான் தவணை கேட்டேன்.

விளக்குகளின் கணக்கை முதலில் போட்டுப் பார்த்தேன். முன்விளக்கு இரண்டும் தலைக்கு 45 வாட்டு. கலப்பையைப் பார்க்கப் பின்னால் வைத்தது 35 வாட்டு. ஆக 125 வாட்டு. பாட்டரி 12 வோல்ட். வகுத்தால் பத்து ஆம்பியருக்குச் சற்று மேல். அக்கால டைனமோக்கள் நல்ல நிலையில் இருந்தால் ஏறத்தாழ இருபது ஆம்பியர் வரை தரும்; இந்தச் சுமையைத் தாங்கும். பாதியாகத் தேய்ந்துவிட்ட டைனமோ தாங்காது. தாங்காதபோது குறைகின்ற பங்கைப் பாட்டரி தன் சேமிப்பிலிருந்து கொடுக்கும். அது தீரும்வரை நமக்கு ஒன்றும் தெரியாது. கடன் வாங்கிக் குடித்தனம் செய்பவன் வீட்டிலும் ஒரு நாள் வரையில் விளக்கு எரியத்தான் செய்கிறது.

தென்காசியில் குற்றாலம் செல்லும் சாலையில் ஒரு மின்பட்டறை இருக்கிறது. அதை நடத்துபவர் எட்டாம் வகுப்பில் என்னிடம் படித்தவர். இப்போது அவருக்கே தலை நரைத்துவிட்டது. அவர் டைனமோவைக் கழற்றித் திறந்து என் முன்னால் வைத்தார். அப்போதுதான் ஓர் உண்மை எனக்கு உறைத்தது. மைக்கேல் பாரடே 1831-ஆம் ஆண்டில் கண்டறிந்த மின்காந்தத் தூண்டலை முப்பது ஆண்டுகளுக்கு மேல் கரும்பலகையில் வண்ணச் சுண்ணக்கட்டியால் வரைந்து கற்பித்தவன் நான். ஆனால் ஒரு டைனமோவின் உள்வயிற்றைக் கண்ணால் பார்த்தது அதுவே முதன்முறை.

டைனமோவில் நிலையாக நிற்பது காந்தப்புலம். அதனுள்ளே சுழல்வது ஆர்மேச்சர் என்னும் கம்பிச் சுருள்கள். மின்சாரம் சுழலும் சுருளில் பிறக்கிறது. சுழலும் ஒன்றிலிருந்து நிலையான வயருக்கு அதைக் கொண்டுவருவதற்காகச் செம்புத் துண்டுகளை அடுக்கிச் செய்த கம்யுடேட்டர் ஒன்றும், அதன்மேல் உராயும் இரண்டு கார்பன்களும் இருக்கின்றன. டைனமோ தருகின்ற மின்சாரம் முழுவதும் அந்தக் கார்பன்களின் வழியேதான் வந்தாக வேண்டும். ஆகையால் கார்பன் தேய்கிறது; செம்பில் பள்ளம் விழுகிறது; பொறி பறக்கிறது. சாரல் காலத்து ஈரம் வேறு எங்கள் பக்கத்தில் மூன்று மாதம் விடாமல் வேலை செய்கிறது. எங்கள் டைனமோவில் செம்பு முழுவதும் பள்ளம். முன்பு மூன்று முறை கடைசல் பிடித்துத் தேய்த்தாயிற்று. நான்காம் முறை தேய்க்கச் செம்பு இல்லை.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. கனத்த சுருள்கள் சுழல்வதால் டைனமோவை மிகவும் விரைவாகச் சுழற்ற முடியாது. சுழற்றினால் சுருள்கள் பிய்ந்து வெளியே தெறிக்கும். ஆகவே அதற்குப் பெரிய கப்பியைப் பூட்டி மெதுவாகவே ஓட்டுவார்கள். அதனால் எஞ்சின் தணிந்து ஓடும்போது டைனமோவிலிருந்து மின்சாரம் வருவதே இல்லை. அப்படிப்பட்ட வேளையில் பாட்டரியின் மின்சாரம் டைனமோவுக்குள் திரும்பிப் பாய்ந்துவிடாமல் காப்பதற்குக் ‘கட்டவுட்’ என்ற சிறு கருவி இருக்கிறது. வாய்க்காலில் நீர்மட்டம் தாழ்ந்ததும் வயல்நீர் திரும்பி ஓடாமல் மடையை அடைக்கும் நீர்ப்பாய்ச்சியைப் போன்றது அது. நீர்ப்பாய்ச்சி தூங்கிவிட்டால் என்ன ஆகுமோ அதுவே கட்டவுட்டின் முனைகள் ஒட்டிக்கொண்டாலும் ஆகும்.

இனி ஆல்டர்னேட்டருக்கு வருவோம். இதில் சுழல்வதும் நிற்பதும் இடம் மாறிவிட்டன. காந்தம் சுழல்கிறது, மின்சாரம் பிறக்கும் சுருள்கள் அசையாமல் நிற்கின்றன. நிற்கின்ற சுருளிலிருந்து மின்சாரத்தை எடுப்பதற்குக் கார்பன் தேவையே இல்லை. வயரை நேரே இணைத்துவிடலாம். சுழலும் காந்தத்துக்கு உயிரூட்ட இரண்டு மூன்று ஆம்பியர் போதும். அந்தச் சிறிய மின்னோட்டம் மட்டுமே வழவழப்பான இரண்டு வளையங்களின் வழியே உள்ளே போகிறது. ஆகவே கார்பன் நெடுநாள் உழைக்கிறது. சுழலும் பகுதி உறுதியானதாக இருப்பதால் சிறிய கப்பியைப் பூட்டி, டைனமோவைப்போல் இரு மடங்குக்கும் மேலான வேகத்தில் ஓட்டலாம். எஞ்சின் மெல்ல ஓடும்போதே மின்சாரம் கிடைக்கும். இஃது ஏதோ மேல்நாட்டு விந்தை என்று எண்ண வேண்டா. 1944-இல் மின்னுற்பத்தியைத் தொடங்கிய நம் பாபநாசம் நீர்மின் நிலையத்தில் தாமிரபரணி சுழற்றுவதும் இதே இனத்துப் பொறிதான். அது யானை, இது முயல்.

அவ்வாறானால் வண்டிகளில் இதை முதலிலேயே வைத்திருக்கக் கூடாதா என்று மாணவர்கள் கேட்பார்கள். ஆல்டர்னேட்டரில் பிறப்பது திசை மாறி மாறிப் பாயும் மின்னோட்டம். பாட்டரிக்கு வேண்டியதோ ஒரே திசையில் பாயும் மின்னோட்டம். ஒன்றை மற்றொன்றாக மாற்றுவதற்கு அக்காலத்தில் இருந்த செலீனியத் தகடுகள் பருத்தவை. சூட்டையும் நன்கு தாங்கா. சிலிக்கானால் ஆன டையோடுகள் மலிவாகக் கிடைத்த பிறகே வழி திறந்தது. 1960-ஆம் ஆண்டு அமெரிக்காவில் கிறைஸ்லர் நிறுவனம் தன் வேலியன்ட் காரில் ஆல்டர்னேட்டரைப் பொதுவாகவே பொருத்தி வெளியிட்டது. பிறகு உலகம் முழுவதும் டைனமோ மெல்ல மெல்ல விடைபெற்றது. டையோடு என்பது, கிணற்று மோட்டார்க் குழாயின் அடியில் உள்ள புட்வால்வைப் போன்றது. நீரை மேலே விடும், கீழே விடாது. இத்தகைய வால்வுகள் ஆல்டர்னேட்டருக்குள் ஆறு இருக்கின்றன. அவையே கட்டவுட்டின் வேலையையும் செய்துவிடுவதால் அந்த நீர்ப்பாய்ச்சிக்கு ஓய்வு கொடுத்துவிடலாம்.

இவ்வளவையும் இப்போது தெளிவாகச் சொல்கிறேன். அன்று பட்டறையில் எனக்கு இதில் பாதிதான் தெரியும். அந்தப் பாதியை நான் முழுமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கழித்துப் போட்ட வேன் ஒன்றிலிருந்து எடுத்த ஆல்டர்னேட்டரை அவர் 2,500 ரூபாய் கொடுத்து வாங்கி வந்திருந்தார். அதைப் பூட்டி, வயரையும் இணைத்துவிட்டுப் பாட்டரியைக் கையில் எடுத்தவர், சற்றே தயங்கினார். “சார், இந்த வண்டியிலே ப்ளஸ்ஸுல்லா எர்த்தா இருக்கு. பரவாயில்லையா?” என்று கேட்டார். பழைய ஆங்கிலேய வண்டிகள் பலவற்றில் பாட்டரியின் நேர்முனையை வண்டியின் இரும்பு உடலோடு இணைப்பது வழக்கம். எங்கள் வண்டியிலும் அவ்வாறே இருந்தது. பிற்கால வண்டிகளில் எதிர்முனைதான் உடலோடு சேரும். அவர் வாங்கி வந்த ஆல்டர்னேட்டரும் பிற்காலத்தது.

நான் சிறிதும் யோசிக்காமல் விடை சொன்னேன். “தம்பி, இதில் உண்டாவது மாறுதிசை மின்னோட்டம். அதற்கு நேர், எதிர் என்ற பேதமே கிடையாது. எப்படி இருந்தாலும் ஒன்றுதான்.” வகுப்பறையில் பேசுகின்ற குரலிலேயே சொன்னேன். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. வயரைப் பாட்டரியில் வைத்தார்.

எஞ்சினை நாங்கள் கிளப்பவே இல்லை. வைத்த கணத்தில் பளீரென்று பொறி பறந்தது. வயரின் உறை உருகிப் புகை எழுந்தது. அவர் வெறுங்கையால் அதைப் பிடுங்கி எறிந்தார். உள்ளங்கையில் இரண்டு விரற்கடை நீளத்துக்குத் தோல் வெந்துவிட்டது. ஆல்டர்னேட்டரைத் திறந்து பார்த்தபோது டையோடுகள் கருகியிருந்தன.

நடந்தது இதுதான். சுருளில் பிறக்கும்போது மின்னோட்டத்துக்குப் பேதம் இல்லை என்பது மெய். ஆனால் அது வெளியே வருவதற்குள் அந்த ஆறு வால்வுகளைக் கடக்கிறது; வால்வுகளுக்குப் பேதம் உண்டு. பாட்டரியைத் தலைமாற்றி இணைத்தால் வால்வுகள் எல்லாம் ஒரே நேரத்தில் திறந்துகொள்ளும். பாட்டரியின் சக்தி முழுவதும் தடையின்றி அவற்றின் வழியே பாய்ந்து, அவற்றையும் வயரையும் எரித்துவிடும். பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் தாளில் இப்படி விடை எழுதியிருந்தால் சிவப்பு மையால் கோடு போட்டிருப்பேன்.

கையில் மருந்து போட்டுக்கொண்டு வந்து, கருகிய ஆல்டர்னேட்டருக்கு உரிய பணத்தை நான் எவ்வளவு வற்புறுத்தியும் அவர் வாங்க மறுத்துவிட்டார். “நான்தான் சார் சொல்லியிருக்கணும்” என்றார். சொல்லத்தான் செய்தார், நான்தான் கேட்கவில்லை. எட்டாம் வகுப்பில் அவரை நான் ஒரு முறை கூடக் கேள்வி கேட்க விட்டதாக எனக்கு நினைவில்லை. அக்காலத்தில் வகுப்பு அமைதியாக இருப்பதே நல்ல ஆசிரியருக்கு அடையாளம் என்று மேற்பார்வையாளர்களும் எழுதிவிட்டுப் போவார்கள். ஆசிரியப் பயிற்சியில் அறிந்ததிலிருந்து அறியாததற்குச் செல்ல வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். மாணவன் அறிந்தது ஆசிரியன் அறியாததாக இருந்தால் என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை.

இரண்டாம் முறை நான் ஒரு முக்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்டதற்கு மட்டும் பேசினேன்.

அவர் முதலில் வண்டியின் எர்த்தை மாற்றினார். பாட்டரியின் எதிர்முனை உடலோடு சேருமாறு திருப்பி வைத்தார். நேர்முனைக் கொம்பு சற்றுப் பருத்தது. எதிர்முனைக் கொம்பு மெலிந்தது. ஆகையால் பழைய பிடிகள் பொருந்தா. புதிய பிடிகளையே போட வேண்டும். ஆம்பியர் மீட்டரின் பின்னால் உள்ள இரண்டு வயர்களையும் இடம் மாற்றினார். மாற்றாவிட்டால் முள் எதிர்ப்பக்கம் ஓடும். விளக்குகளுக்கு எர்த்து எதுவாயினும் கவலை இல்லை. எஞ்சினைக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டார் எதிர்த்திசையில் சுழலாதா என்று அண்ணன் மகன் கேட்டான். சுழலாது. அதில் காந்தச் சுருளும் ஆர்மேச்சரும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுக்கப்பட்டுள்ளன. மின்னோட்டம் திரும்பினால் இரண்டிலும் சேர்ந்தே திரும்பும். கழித்தலைக் கழித்தலால் பெருக்கினால் கூட்டல் வருவதைப்போலச் சுழலும் திசை பழையபடியே இருக்கும். இதை நான் சொன்னேன். மெக்கானிக் என்னைப் பார்த்துப் புன்னகை செய்துவிட்டு, ஸ்டார்ட்டரைக் கழற்றித் தரையில் வைத்து, பாட்டரியை இரு விதமாகவும் தொட்டுக் காட்டினார். இரு முறையும் ஒரே பக்கந்தான் சுழன்றது. சொன்னதை அவர் சோதித்துப் பார்த்தது எனக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது.

டைனமோ நீண்டது, ஆல்டர்னேட்டர் குட்டையானது. ஆகையால் பழைய தாங்கியில் அது அப்படியே உட்காராது. இரும்புக் குழாயை அளவாக வெட்டி இடையில் கொடுத்து, மூன்று கப்பிகளும் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றனவா என்று கொத்தனார் செய்வதுபோல் நூல் பிடித்துப் பார்க்க வேண்டும். கோணலாக நின்றால் பெல்ட்டு ஒரு பருவம் தாங்காது. டைனமோவின் பெரிய கப்பியையே ஆல்டர்னேட்டருக்கு மாட்டிவிடுவார் உண்டு. அது வீண் வேலை. வேகம் குறைந்து, மாற்றியதன் பயன் பாதி போய்விடும். பெல்ட்டின் அகலத்துக்கு ஏற்ற காடியுள்ள சிறு கப்பியைத் தேடிப் போடுவதே சரி. பெல்ட்டைக் கட்டைவிரலால் நடுவில் அழுத்தினால் அரை அங்குலம் உள்வாங்க வேண்டும்.

பழைய ரெகுலேட்டர் பெட்டியை இணைப்பிலிருந்து நீக்கிவிட வேண்டும். புதிய ஆல்டர்னேட்டர்களில் ரெகுலேட்டர் உள்ளேயே இருக்கிறது. இரண்டையும் சேர்த்து வைத்தால் இரண்டும் கெடும். ஆல்டர்னேட்டரிலிருந்து ஆம்பியர் மீட்டருக்குப் புதிய தடித்த வயர் போட வேண்டும். டைனமோ இருபது ஆம்பியர் கொடுத்த இடத்தில் இது முப்பத்தைந்து கொடுக்கும். அதற்கு மேல் பேராசை வேண்டா என்பது என் கருத்து. இக்காலக் கார்களில் வரும் எழுபது, தொண்ணூறு ஆம்பியர் ஆல்டர்னேட்டர்களும் பழைய சந்தையில் கிடைக்கின்றன. முப்பது வரை மட்டும் காட்டும் பழைய மீட்டரும் அறுபது வயது வயர்களும் அதைத் தாங்கமாட்டா.

இன்னும் ஒரு சிறு வயர் இருக்கிறது. அதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். சாவி ஸ்விட்ச்சிலிருந்து 2.2 வாட்டுச் சிறு பல்பு ஒன்றின் வழியே ஆல்டர்னேட்டருக்குச் செல்லும் வயர் அது. சாவியைத் திருப்பியதும் பல்பு எரியும். எஞ்சின் ஓடி மின்சாரம் பிறந்ததும் அணையும். வெறும் எச்சரிக்கை விளக்கு என்று இதைக் கருதக் கூடாது. காந்தத்துக்கு முதல் உயிர் இதன் வழியேதான் போகிறது. பல்பு பீஸ் போயிருந்தால் ஆல்டர்னேட்டர் விழித்துக்கொள்ளாமலே இருந்துவிடக்கூடும். அப்போது நல்ல ஆல்டர்னேட்டரைக் கெட்டது என்று சொல்லிக் கழற்றுவார்கள்.

எல்லாம் முடிந்து எஞ்சினைக் கிளப்பியபோது மெல்லோட்டத்திலேயே மீட்டர் 14 வோல்ட் காட்டியது. மூன்று விளக்குகளையும் போட்டோம், 13.8-க்குக் கீழே இறங்கவில்லை. பகல் வெளிச்சத்தில் எரிந்த விளக்குகளை அண்ணன் கையால் மறைத்து மறைத்துப் பார்த்தார்.

ஓடிக்கொண்டிருக்கும்போது பாட்டரியைக் கழற்றக் கூடாது. டைனமோ காலத்தில் அவ்வாறு கழற்றி வேறு வண்டிக்குக் கொடுப்பார்கள். ஆல்டர்னேட்டர் இருக்கும் வண்டியில் அந்தக் கணமே டையோடு போய்விடும். தொளி உழவில் இரும்புக் கேஜ் சக்கரத்தின் பட்டைகள் உடைவது வழக்கம். வண்டியிலேயே வைத்து வெல்டிங் செய்வதாக இருந்தால் பாட்டரியையும் ஆல்டர்னேட்டர் வயரையும் கழற்றிவிட்டே செய்ய வேண்டும். ஆல்டர்னேட்டரின் உடலில் காற்றுத் துளைகள் இருப்பதால் மோட்டார்க் குழாயை நேரே பிடித்துச் சேறு கழுவுவது தீது. எங்கள் மெக்கானிக் எண்ணெய் டின் ஒன்றை வெட்டி அதற்கு ஒரு மறைப்புச் செய்து கொடுத்திருக்கிறார்.

விளக்குகளை மட்டும் எல்.ஈ.டி. வகையாக மாற்றினால் மின்செலவு பெரிதும் குறையுமே, டைனமோவே போதாதா என்று நேயர் ஒருவர் கேட்கக்கூடும். டைனமோ நல்ல நிலையில் இருந்தால் போதும். அவர்கள் அதையே செய்யலாம். அவ்விளக்குகளுக்கும் நேர், எதிர் பேதம் உண்டு என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது.

இந்த மாற்றத்தால் நாங்கள் இழந்தது ஒன்று உண்டு. எங்கள் வண்டியில் எஞ்சினின் சுற்றையும், ஓடிய மணி நேரத்தையும் காட்டும் கருவிக்கு உரிய கேபிள் டைனமோவின் பின்புறத்திலிருந்தே புறப்படுகிறது. ஆல்டர்னேட்டரில் அதற்கு இடமில்லை. தகப்பனார் அந்தக் கருவியைப் பார்த்துத்தான் எண்ணெய் மாற்றுவார்; பிறர் வயலை உழுத கூலியைக் கணக்கிடுவார். “அப்பா பார்த்த முள் நின்றுபோகுமே” என்று அண்ணன் சொன்னபோது நான் விடை சொல்லவில்லை. பழைய பொறிகளைப் பிறந்த கோலத்திலேயே காப்பாற்ற வேண்டும் என்று சொல்லும் அன்பர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். கண்காட்சியில் நிற்கும் வண்டிக்கு அது பொருந்தும். இரவில் கிணற்றோரம் உழுகின்ற வண்டிக்குப் பொருந்தாது என்பது என் துணிபு. எனினும் டைனமோவையும் ரெகுலேட்டர் பெட்டியையும் துடைத்து, எண்ணெய் தடவி, சாக்கில் சுற்றிப் பத்தாயத்துக்குள் வைத்திருக்கிறோம். எந்த வயர் எங்கே இருந்தது என்று படம் வரைந்த தாள் ஒன்றும் கூடவே இருக்கிறது. அந்தப் படத்தை நான் வரைந்தேன். மெக்கானிக் இரண்டு இடத்தில் திருத்தினார்.

மணிக்கணக்கை இப்போது அண்ணன் மகன் ஒரு குறிப்பேட்டில் எழுதிவருகிறான். கிணற்றுக்குச் சுற்றுச்சுவரும் கட்டியாயிற்று. பாட்டரி எந்நேரமும் நிறைந்தே இருக்கிறது. சாவியைத் திருப்பினால் முதல் சுற்றிலேயே எஞ்சின் பிடித்துக்கொள்கிறது. ஆயினும் அண்ணன் மாலைதோறும் வண்டியைக் குளத்தங்கரை மேட்டுக்கு ஏற்றி, முகத்தைப் பள்ளத்தின் பக்கம் திருப்பித்தான் நிறுத்துகிறார். இனி எதற்கு என்று கேட்டேன். “நின்ற இடந்தானே, நிற்கட்டும்” என்றார்.